பீரோவுக்குள் பூட்டிவைத்த விதிகள்

பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: நியூட்டனின் விதிகள் உலகம் முழுவதும் செல்லும், நம் பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் செல்லாது. பி.எஸ்ஸி., பி.டி. முடித்த கையோடு கவரைப்பேட்டைப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. ஆய்வாளர் வந்து, என் பாடத்தைக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் கோடை விடுமுறையோடு வேலை போய்விடும், வீட்டில் கல்யாணத்துக்கு ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். எனக்கோ நாலு பேர் பார்த்தாலே குரல் தொண்டையை விட்டு வராது.

உடையாத சாமான்கள்

சோதனைக் கருவிகளெல்லாம் தலைமையாசிரியர் அறையில், ஒரு இரும்பு பீரோவுக்குள் இருந்தன. சாவி அவர் இடுப்பில். திருவள்ளூர்க்காரர், நெற்றியில் திருமண் கலையாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். வில்தராசு வேண்டும் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதாதா என்றார். தராசை வரையலாம், எடையை எப்படி வரைவது என்று கேட்க நினைத்தேன்.

அவர் பெருமையாகச் சொன்னார்: "இந்த ஸ்கூல் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு சாமான் உடைஞ்சதில்லை. ஏன் தெரியுமோ? ஒருத்தர் கையிலயும் குடுத்ததில்லை."

ரயிலில் சடத்துவம்

மீஞ்சூரிலிருந்து தினமும் ரயில். ஒரு நாள் பொன்னேரி தாண்டியதும் வண்டி சடாரென்று நின்றது. நான் நிற்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மீன்காரம்மாவின் மேல் போய் விழுந்தேன். கூடை கவிழவில்லை, ஆனால் கூடைத் தண்ணீர் முழுவதும் என் புடவையில்.

"இன்னாம்மா, மேல வந்து உழற?" என்றார். நான் தள்ளவில்லை, வண்டி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் போய்க்கொண்டே இருந்தது, அதற்குச் சடத்துவம் என்று பெயர் என்று தாழ்ந்த குரலில் விளக்கினேன். பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"வண்டி நின்னுச்சு, நானும் நின்னுக்கினுதான் கீறேன். உன் ஒடம்புக்கு மட்டும் இன்னா அவசரம்?"

டீசல் ஊற்றாத லாரி

மீன் வாசனையோடு போய் அன்றைக்கே முதல் விதியை நடத்தினேன். வெளிவிசை எதுவும் இல்லையென்றால் ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்றேன். மறுநாள் ஒரு மாணவனின் அப்பா வந்துவிட்டார். லாரி டிரைவர். எளாவூர் செக்போஸ்டில் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு இதற்காகவே வந்திருந்தார். "எஞ்சின் இல்லாமலே வண்டி ஓடும்னு சொன்னீங்களாமே டீச்சர்?"

ரோட்டின் உராய்வு, எதிர்க்காற்று இரண்டும் இல்லையென்றால்தான் என்று பொறுமையாக விளக்கினேன். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கவலையோடு சொன்னார்: "எங்க மொதலாளி காதுல மட்டும் இது உழக்கூடாது டீச்சர். டீசலே ஊத்தமாட்டாரு."

ஆர்க்கிமிடீஸுக்குச் சந்தனம்

ஆய்வாளர் வந்த அன்று பீரோ திறந்தது. என் வேலை அந்த ஒரு பாடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம்: நீரில் மூழ்கிய பொருள் இழக்கும் எடை, அது வெளியேற்றும் நீரின் எடைக்குச் சமம். பித்தளை உருளையைத் தராசில் மாட்டினேன், எடை பார்த்தேன், தண்ணீருக்குள் இறக்கினேன். இழந்த எடை ஒன்றாகவும் வழிந்த நீரின் எடை வேறாகவும் வந்தது. "ரெண்டும் சமமா இல்லையேம்மா?" என்றார் ஆய்வாளர். தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் ஜாதகம் தெரிந்தது.

ஜாடியைப் பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தது, கமகமவென்று மணந்தது. அந்தப் பீரோ வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும் திறக்குமாம். பியூன் முனுசாமி ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் அப்புவாராம். துடைத்தால் பாவம் என்று பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம்! உருளையின் அடியில் அடை போலக் காய்ந்திருந்த சந்தனத்தையும் சேர்த்துத்தான் முதலில் எடை பார்த்திருந்தேன், இப்போது அது தண்ணீரில் கரைந்து போயிருந்தது. இதுவரை வராத குரல் வந்தது. "விதி சரியாகத்தான் இருக்கு சார், சந்தனத்தைத்தான் யாரும் கழுவலை!" என்று கத்தியேவிட்டேன். உருளையைத் தேய்த்துக் கழுவி மறுபடி செய்தேன். சமமாக வந்தது.

கதவோரம் நின்ற முனுசாமி மட்டும் சமாதானமாகவில்லை: "பூஜ போட்ட சாமான தண்ணில முக்குனா பின்ன இன்னா ஆவும்?"

சாவி

ஆய்வாளர் நல்லபடியாகவே எழுதினார். வேலை நிரந்தரமானது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே பீரோ உங்க பொறுப்பு. ஒண்ணே ஒண்ணு, திறந்துமட்டும் வச்சுடாதேங்கோ."

வெளிவிசை ஒன்று வந்து அசைக்கும்வரை ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும் என்பதற்கு அந்தப் பீரோவைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, மாதச் சம்பளம் வாங்கும் வெளிவிசையாக இனி நான்தான் இருக்க வேண்டும்.