சரோஜா அத்தை குதித்த கிணறு

ஏப்ரல் வெயிலில் சூடேறிய கருங்கல் படியில் ஈர உடம்போடு குப்புறப் படுத்தால் வயிற்றுக்கு இதமாகச் சுடும். அந்தச் சூட்டுக்காகவே, திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முழுப்பரீட்சை விடுமுறையைக் கிணற்றிலேயே கழித்தோம். நீந்தத் தெரியாதவர்கள் ‘சொரப்புருடை’ என்கிற காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டிக்கொண்டு மிதப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பக்கத்து நிலத்துக்காரர் மகள் கவிதாவின் முதுகிலிருந்து சொரப்புருடைக் கயிறு அவிழ்ந்து, அவள் மூழ்கத் தொடங்கினாள். கிணறு எங்கள் இரு குடும்பத்துக்கும் பொது. தண்ணீர் இறைக்கும் முறையில் எழுந்த தகராறால் பல வருடங்களாகப் பேச்சில்லை. மேலே நின்ற நாலைந்து ஆண்களும் நன்றாக நீந்துகிறவர்கள். கோழைகள் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொருவரும் அடுத்தவர் குதிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கவிதாவின் அம்மா, துணி துவைத்துக்கொண்டிருந்த என் அத்தையைப் பார்த்து அலறினார்: “சரோசா, எம்புள்ளைய எடுத்துக் குடு!”

அப்பாவின் தங்கையான சரோஜா அத்தைக்கு அடுத்த மாதம் கல்யாணம். சேலையோடு குதித்தாள். குழந்தையை மேலே தள்ளிவிட்டாள். ஆனால் நீருக்குள் மூழ்கியிருந்த படியில் மோதி அவள் முழங்கால் நொறுங்கிப்போனது. அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். அதன்பின் அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை.

“இத்தன ஆம்பளைங்க நிக்கறப்போ நீ எதுக்குப் புள்ள குதிச்ச?” என்று ஆஸ்பத்திரியில் அப்பா அழுதார்.

“எம்பேரச் சொல்லிக் கூப்புட்டுப்போட்டாங்களே அண்ணா, அப்பறம் எப்படி நிக்கறது?”

பிறருக்காக உயிரையும் கொடுக்கத் துணிவது பிறவிக்குணம் என்பார்கள். கூட்டத்தில் ஒருவராக நிற்கும்வரை யாருக்கும் கால் எழுவதில்லை என்பதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமே அந்த உயிர் நம் பொறுப்பாகிவிடுகிறது என்பதும்தான் நான் கண்டது. கூப்பிட்டது பகையாளி வீட்டுக் குரல் என்பது அத்தையை இன்னும் வேகமாகத் தள்ளியிருக்கும். நின்றிருந்தால், ‘பழி தீர்த்துக்கொண்டாள்’ என்று ஊர் சொல்லுமே.

இப்போது போர்வெல்கள் தண்ணீரை உறிஞ்சிவிட, வற்றிய கிணற்றை மண்போட்டு மூடி, மேலே தறிக் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். போன பொங்கலுக்குக் கவிதா தன் பிள்ளைகளோடு அத்தையைப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் போனதும், “உங்களாட்டம் தியாகம் பண்ண யாரால முடியுங்க அத்தை?” என்றேன். அத்தை வளைந்த காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“குதிச்சது ஒரு நிமிசந்தான் சாமி. அந்தப் புள்ள தாவணி போட்டு, கண்ணாலம் முடிஞ்சு, கொழந்தையோட எம்முன்னால வந்து நிக்கறப்பெல்லாம் மூஞ்சி சுளிக்காம ‘வா கண்ணு’ன்னு கூப்புட்டேன் பாரு, அதுக்குத்தான் வருசக்கணக்கா பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.”