ஈர்க்குச்சியில் நான்காவது பரிமாணம்

கணினியில் ஃப்ராக்டல் ஓவியம் ஒன்று வரைந்துகொண்டிருந்தேன். கட்டத்துக்குள் கட்டமாகத் திரை நிறைந்தபோது, எண்பதுகளில் ஸ்ரீரங்கத்து வீட்டில் அக்கா கட்டிய கூடு நினைவுக்கு வந்தது. பச்சை ஈர்க்குச்சியும் நூலும்தான். பெரிய கனசதுரத்துக்குள் ஒரு சின்னக் கனசதுரம். மூலைக்கு மூலை இணைத்திருந்தாள்.

அவளைப் பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, "என்னம்மா இது?" என்றார்.

"நாலாவது பரிமாணத்துல இருக்கற பெட்டியோட நிழலுங்க."

அவர் அப்பாவிடம் திரும்பினார். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாங்க. எங்க வீட்டுக்குச் சரிப்படாது."

அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நிதானமாக, "அவ மேல படிக்கட்டும். இப்பக் கல்யாணம் வேண்டாங்க" என்றார்.

அக்கா திருச்சியில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். நான்காவது பரிமாணம் அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.