மஞ்சள் பட்டையும் ஹமீது சுல்தானும்

திருப்பாலைக்குடி நாட்டுப்படகு மீனவர் சங்கத்தில் ஹமீது சுல்தானுக்குக் காற்று வாசிக்கிற வேலை. சங்க அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். கரையில் மூன்று கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர். இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. கோடியக்கரையில் தொடங்கித் தெற்கே ஒவ்வொரு ஊர்க் கடலுக்கும் காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம், அலை எவ்வளவு உயரம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்தப் பக்கம் தானாகவே புதுசாகிக்கொள்ளும். காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் அதைப் பார்த்து மைக்கில் சொல்வார். நண்டு வலைக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் நங்கூரம் எடுப்பார்கள்.

அதற்கு முன்னால் இருபத்தோரு வருஷம் அவர் அரபு நாட்டில், தமாமில் இருந்தவர். ஒரு குழாய்க் கம்பெனியின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரிக்கும் வெளியே போகிற லாரிக்கும் நேரம் குறிக்கிற வேலை. அந்த வேலை அவரை ஒரு மாதிரி ஆக்கி வைத்திருந்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். ஆறு மணி என்றால் ஆறு மணி. வீட்டில் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட நேராக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

போன ஐப்பசியில் சங்கத் தலைவர் முனியசாமி மத்தியான வேலைக்கும் ஓர் ஆளைப் போட்டார். உப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிற முருகலட்சுமி. பி.ஏ. படித்த பெண், பிறவியிலேயே கண் தெரியாது. இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் அவள் வாசிப்பாள் என்று முனியசாமி சொன்னபோது ஹமீது சுல்தான் மறுப்பாக ஒன்றும் சொல்லவில்லை. யாராவது போனில் நம்பரைச் சொல்ல, அதைக் கேட்டு அந்தப் பிள்ளை மைக்கில் சொல்லும் போல என்று தானாகவே நினைத்துக்கொண்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. லுஹர் தொழுகைக்கு அவர் பன்னிரண்டரைக்கே கிளம்பிவிடுவார். சாவியைப் பக்கத்து ஐஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். அவள் பஸ் ஒன்றே காலுக்குத்தான் வரும். இருவரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை.

அந்த வாரம்தான் பட்டை வர ஆரம்பித்தது.

காலையில் வந்து உட்கார்ந்தால் பிரவுசரின் மேல் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை. இந்தப் பக்கம் தானாக மீண்டும் திறப்பதைத் தடுத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் 'அனுமதி' என்று ஒரு பொத்தான். அமுக்கினார். பட்டை போனது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் அமுக்கினார். ஆறு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை நிமிஷத்துக்கு ஒரு தரம். நடுவில் டீ குடிக்கப் போய் வந்தால், போனபோது எப்படி இருந்ததோ அப்படியே பக்கம் நிற்கும்.

தொண்டியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற முத்துகிருஷ்ணனை வரச் சொன்னார். அவன் வைரஸ் என்றான். இரண்டு மணி நேரம் எதையோ ஓடவிட்டான். பிறகு பிரவுசரையே முழுசாக அழித்துவிட்டுப் புதுசாகப் போட்டான். பட்டை வரவில்லை. ஹமீது சுல்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டை அங்கேயே இருந்தது. முத்துகிருஷ்ணனுக்குப் போன் போட்டால், அப்படியென்றால் அந்த இணையப் பக்கத்துக்காரர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்றான். அடுத்த தரம் மோடம் பழசு என்றான். அதற்கடுத்த தரம் போனையே எடுக்கவில்லை.

கடைசியில் மகள் அஃபீஃபாவைப் பிடித்தார். அவள் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறாள். வீடியோ காலில் திரையைக் காட்டச் சொல்லி, செட்டிங்ஸுக்குள் போகச் சொல்லி, நாலைந்து இடம் சுற்றவிட்டு ஒரு வரியைக் கண்டுபிடித்தாள். பக்கங்கள் தானாக மீண்டும் திறக்க முயன்றால் எச்சரிக்கவும் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு டிக்.

"இதை யாரோ வேணும்னு போட்டிருக்காங்க அத்தா. தானா விழாது இது" என்றாள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கண் தெரியாத அந்தப் பிள்ளையை விட்டால் அந்த அறைக்கு யார் வரப்போகிறார்கள், அப்டேட் ஆகும்போது அதுவே போட்டுக்கொள்கிறது என்று அவளுக்கே விளக்கம் சொன்னார். டிக்கை எடுத்தார். மறுநாள் காலை டிக் இருந்தது. எடுத்தார். அதற்கு மறுநாளும் இருந்தது. பதினோரு நாள் இப்படிப் போயிற்று. வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் அதையே பேசினார். அந்தப் பேச்சு எடுத்தாலே அவர் மனைவி எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவார்.

பன்னிரண்டாவது நாள் வாடைக்காற்று ஏறுகிற நேரம். ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதுதான் வந்து உட்கார்ந்தார். பட்டை நின்றது. அன்றைக்குச் செட்டிங்ஸுக்குள் போய்த் தேட அவருக்குப் பொறுமை இல்லை. அனுமதியையும் அமுக்கவில்லை. ஓரத்தில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டிப் பட்டையை மூடினார். மைக்கை எடுத்து, திருப்பாலைக்குடிக் கடலில் காற்று பதினைந்து கிலோமீட்டர் என்று வாசித்தார்.

அது முந்தின நாள் சாயங்காலத்துக் காற்று. கம்ப்யூட்டரை ராத்திரி யாரும் அணைப்பதில்லை. பட்டை தடுத்ததால் பக்கம் புதுசாகாமல் அப்படியே நின்றிருந்தது. தேதி மேலே சின்ன எழுத்தில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த நேரத்துக்குக் கடலில் நாற்பத்தைந்து.

நாலு படகு போனது. எட்டு மணிக்குள் நாலும் திரும்பி வந்துவிட்டன, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சண்முகவள்ளி வீட்டுப் படகு வலையை விட்டுவிட்டு வந்தது. கடைசி நிமிஷத்தில் அறுத்துவிட்டுத்தான் படகைத் திருப்ப முடிந்ததாம். முனியசாமி வந்து சத்தம் போட்டார். அதை அவர் தாங்கிக்கொண்டார். அதன் பிறகு சண்முகவள்ளி வந்து அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீங்க பதினஞ்சுன்னு சொன்னீங்க பாய். அதை நம்பித்தான் அவுகளை அனுப்பி வச்சேன்" என்றாள்.

அவர் பட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். புருஷன் நனைந்து நடுங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் மஞ்சள் பட்டையைப் பற்றி என்னவென்று பேசுவது. தப்பு என்னுது தாயி என்று மட்டும் சொன்னார். அவள் கரைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கே ஒரு முழுத்தாளில் கொட்டை எழுத்தில், 'செட்டிங்ஸை யாரும் மாற்றக் கூடாது. இப்படிக்கு ஹமீது சுல்தான்' என்று எழுதி மானிட்டரின் மேலே ஒட்டினார். டிக்கையும் எடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டிக் இருந்தது. தாளும் அப்படியே இருந்தது. கண் முன்னால் எழுதி ஒட்டியும் ஒருவன் செய்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும். இதை இன்றைக்குப் பார்த்தே ஆவது என்று முடிவு செய்தார். லுஹர் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பள்ளிவாசலிலிருந்து நேராகச் சங்கத்துக்கு நடந்தார்.

அறையில் முருகலட்சுமி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண், மடித்த வெள்ளைக்கோல் மேசையின் மேல் இருந்தது. மானிட்டரை அவள் போடவே இல்லை. இருட்டுத் திரைக்கு முன்னால் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு குரல், திரையில் வரவேண்டியதைத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தது. அது இருந்த வேகத்தில் அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நின்று காதைக் கொடுத்தார். 'எச்சரிக்கவும்' என்றது காதில் விழுந்தது.

"அதை யாரும்மா மாத்தச் சொன்னது?" என்றார்.

அவள் கை நின்றது. "நீங்கதான் காலையில வாசிக்கிற பாயா?"

"ஆமா."

"தினமும் நான் போட்டு வைக்கிற டிக்கை எடுக்கிறது நீங்கதானா?"

அவள் குரலில் இருந்த சலிப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்த சலிப்பு. ஆனாலும் விடவில்லை. "பேப்பர்ல எழுதி ஒட்டிருக்கேனே" என்றார்.

"எங்கன?" என்று கேட்டாள் அவள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஹமீது சுல்தான் தாளைக் கிழித்து எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்றுமில்லை என்றார்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவள் டிக்கை எடுத்தாள். குரலின் வேகத்தை அவருக்காகக் கொஞ்சம் குறைத்தாள். பிறகு பக்கத்தைப் படிக்கவிட்டாள். தலைப்பு, விளம்பரம், அறிவிப்பு என்று வாசித்துக்கொண்டே போன குரல் கோடியக்கரைக்கு வந்தது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி என்று இறங்கி மீமிசலைத் தொட்டது. அதற்குள் நிமிஷம் முடிந்து பக்கம் புதுசானது. குரல் மறுபடி தலைப்பிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் மீமிசல், மறுபடியும் தலைப்பு. மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் திருப்பாலைக்குடி வரவே இல்லை.

வேகத்தைக் கூட்டினால் வருமே என்று அவர் கேட்டார். ஊர் வரும், ஆனால் சந்தேகம் வந்து திரும்பக் கேட்பதற்குள் பக்கம் ஓடிவிடும், எங்கே நின்றோம் என்பதே தெரியாது என்றாள். முதல் வாரம் நாலு நாள் இப்படித்தான் மாரடித்திருக்கிறாள். பிறகு கண் தெரியாதவர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டு அந்த டிக்கைத் தெரிந்துகொண்டாள். போட்டால் பக்கம் அசையாமல் நிற்கும், நிதானமாகக் கேட்கலாம். ஆனால் தினமும் வந்து பார்த்தால் டிக் இருக்காது. ஒரு நாள் பிரவுசரே புதுசாக இருந்தது. அவளும் முத்துகிருஷ்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவளிடமும் அவன் வைரஸ் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"அப்ப பழைய காத்தை வாசிச்சிற மாட்டியா?" என்று கேட்டார். முந்தின நாள் காலை நடந்தது அவர் மனதில் இருந்தது.

"வாசிக்கிறதுக்கு முன்னாடி எஃப் அஞ்சை ஒரு தரம் அமுக்கிருவேன் பாய். அமுக்குனா அப்பவே புதுசாகிரும்."

அவர் குனிந்து விசைப்பலகையைப் பார்த்தார். மேல் வரிசையில் எஃப் அஞ்சு இருந்தது. இரண்டு வருஷமாக அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. ஒரே ஒரு பொத்தான். முத்துகிருஷ்ணனும் சொல்லவில்லை, அஃபீஃபாவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவருக்கு வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சண்முகவள்ளி வீட்டு வலை போனதை அவளிடம் சொன்னார்.

முருகலட்சுமி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். டிக் போட்டது நான், அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டை சரியாகத்தான் சொன்னது, தடுத்திருக்கிறோம் என்று எழுதியே காட்டியது, அதை மூடிவிட்டு வாசித்தது நான்தான் என்றார்.

அன்றைக்கே சாயங்காலம் முனியசாமியைப் பார்த்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சங்கத்துச் செலவில் சண்முகவள்ளிக்குப் புது வலை வாங்கித் தருவதாக முனியசாமி ஒத்துக்கொண்டார். வலை வந்தது. ஆனால் அவள் அதன் பிறகு வெகு நாள் ஹமீது சுல்தானிடம் பேசவில்லை. காலையில் அவர் வாசித்து முடித்ததும் கரைக்கு வந்து, தானும் ஒரு தரம் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் புருஷனை அனுப்புவாள். அது அவர் காதுக்கும் வந்தது. அவர் குறை சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தை முருகலட்சுமியே முடித்தாள். அதே கம்ப்யூட்டரில் வேறொரு கம்பெனியின் பிரவுசரையும் போட்டாள். அது அவருக்கு, பழையது அவளுக்கு. அவருடையதில் டிக்கும் இல்லை, பட்டையும் இல்லை. அவர் ஒரு வாரம் நம்பாமல் தினமும் தேடிப் பார்த்தார். இப்போது வாசிப்பதற்கு முன் எஃப் அஞ்சை இரண்டு தரம் அமுக்குகிறார். தேதியைச் சத்தமாக வாசித்த பிறகுதான் காற்றைச் சொல்கிறார்.

தை மாதம் அந்த இணையப் பக்கத்தையே புதுசாக மாற்றிவிட்டார்கள். இப்போது அது தானாகப் புதுசாவதில்லை, எஃப் அஞ்சை அமுக்கினால் கோடியக்கரை மட்டும்தான் வரும். பக்கத்தில் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன, ஊர் ஊராக அதை அமுக்க வேண்டும். பொத்தான்களுக்குப் பெயர் வைக்கவில்லை. முருகலட்சுமிக்கு வாசிக்கிற கம்ப்யூட்டர் குரல் ஒவ்வொன்றுக்கும் 'பொத்தான்' என்று மட்டும் சொல்கிறது. எண்ணிப் பார்த்துத் திருப்பாலைக்குடியைக் கண்டுபிடித்துக்கொள்கிறாள், ஆனால் அவர்கள் நடுவில் ஓர் ஊரைச் சேர்த்தால் எண்ணிக்கை தப்பிவிடும். அவள் சொல்லச் சொல்ல ஹமீது சுல்தான் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புகார் தட்டச்சு செய்தார். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அனுப்பினார். அதற்கும் அதே பதில்தான்.

இதுவரை ஏழு அனுப்பியாயிற்று. மத்தியானம் தொழுதுவிட்டு வந்து, அவள் வாசித்து முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானைச் சரி பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். சாப்பாடு ஆறிப் போகிறது என்று வீட்டில் தினமும் சண்டை.