மழை வேண்டாமென்று வேண்டியவன்

ஊரே அண்ணாந்து பார்த்து மழைக்கு ஏங்கும்போது, "இன்னும் ஒரு மாசம் வராமல் இருந்தால் தேவலை" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிற ஆள் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது வறட்சி தாங்கும் பயிரை உருவாக்குகிற ஆராய்ச்சியாளனாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். முதலாவதும்தான் என்று என் தங்கை சொல்வாள். எழுபதுகளின் நடுவில் தொடங்கி, மதுரையைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் சோளத்தோடு காலம் தள்ளினேன். தண்ணீர் இல்லாவிட்டாலும் கதிர் பிடிக்கிற சோளம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் வரப்பில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள் மேலே படியுங்கள். நம் கஷ்டம் மற்றவர்களுக்குப் புரியாது.

கல்யாணத் தரகர்

சோளத்தைக் கலப்புச் செய்வது ஊசி வேலை. கதிரில் இருக்கும் பொடிப் பூக்களிலிருந்து மகரந்தப் பைகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கதிருக்குக் காகிதப் பை மாட்டிக் கட்ட வேண்டும். அப்புறம் காலை வேளையில் வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவ வேண்டும். ஒரு பக்கம் நம் ஊர் நெட்டைச் சோளம், மறு பக்கம் எங்கிருந்தோ வந்த குட்டைச் சோளம். இரண்டுக்கும் பிறப்பதில் நல்லதாக ஒன்று தேறுமா என்று பார்க்க அடுத்த விதைப்புப் பட்டம் வரை காத்திருக்க வேண்டும்.

தலையில் பை மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிற கதிர்களைப் பார்த்து, ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள். களையெடுக்க வரும் மூக்கம்மாக்காதான் அவர்களுக்கு விளக்கம் சொல்லும்: "உள்ள பொண்ணு இருக்கு. நாளைக்கு மாப்ள வாராரு." எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. ஒரு நாள் மூக்கம்மாக்கா களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது: "சோளத்துக்கெல்லாம் தேடித் தேடி மாப்ள பாக்குறீகளே சார், உங்களுக்கு ஒரு பொண்ணு பாக்க வீட்டுல ஆளில்லையா?"

திருநகரில் கேசரி

ஆள் இருந்தது. எங்களுடையது நூலுக்குச் சாயம் போடுகிற சௌராஷ்டிரக் குடும்பம். வயலில் கால் வைத்தவர் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. வீட்டுப் பாஷையில் நூலுக்கும் சாயத்துக்கும் எத்தனையோ வார்த்தைகள் உண்டு, என் வேலையைச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. அம்மா என்னைத் திருநகருக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனாள். கேசரி வந்தது, காபி வந்தது. பெண்ணின் மாமா, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

என் வேலையைப் பற்றி ஒருவர் ஆசையாகக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. மடை திறந்துவிட்டேன். பயிர் பூ விடுகிற சமயமாகப் பார்த்துத் தண்ணீரை நிறுத்திவிடுவேன், எது வாடுகிறது, எது சாகிறது என்று தினமும் போய்ப் பார்ப்பேன், செத்தது போகப் பிழைத்ததை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்று கேசரி ஆறிப்போகும்வரை சொன்னேன். பெண் உள்ளே எழுந்து போய்விட்டாள். மாமா வாசல்வரை வந்து, அம்மாவிடம் எங்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னதைத் தமிழில் போட்டால் இதுதான்: "பயிருக்கே தண்ணி விடாமக் காயப்போடுறவரு, பொண்ண எப்படிம்மா வச்சுக் காப்பாத்துவாரு?"

கோடை மழை

ஒரு சித்திரையில், தண்ணீரை நிறுத்திய வயல் சரியாக வாடத் தொடங்கிய நேரத்தில் மழை கொட்டியது. அந்தப் பட்டத்துச் சோதனை அத்தோடு போயிற்று. பிழைக்கும் செடி எது, சாகும் செடி எது என்றே தெரியாமல் எல்லாம் ஒரே மாதிரி தளதளவென்று நின்றன. நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் டீக்கடைக்காரர் சந்தோஷத்தில் எல்லாருக்கும் வடை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்றேன். "என்னண்ணே, இம்புட்டு மழை பேஞ்சிருக்கு, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீக?" என்றார். பதில் சொன்னால் அடிப்பார்கள் என்று பேசாமல் வடையைத் தின்றேன்.

வீட்டுக்குப் போனால், காயப்போட்ட நூலெல்லாம் நனைந்து சாயம் இறங்கி, அப்பாவும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என் வேலையைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "மதுரையில மழை பேஞ்சதுக்காக அழுகுறது நம்ம ரெண்டு பேருதான்டா."

பெரியகருப்பன் கிணறு

அப்புறம் திருவாதவூர்ப் பக்கம் ஒரு காட்டைக் குத்தகைக்குப் பிடித்துச் சோதனையை அங்கே மாற்றினேன். பக்கத்துக் காட்டுக்காரர் பெரியகருப்பன். ஒரு ஜோடி உழவு மாடு, கொஞ்சம் தண்ணீர் ஊறுகிற கிணறு, அதிகம் பேசாத சுபாவம். என் பதினேழாம் வரிசைச் சோளம் அந்த வருஷம்தான் முதல்முறையாக நம்பிக்கை காட்டியது. மற்ற வரிசைகள் துவண்டு கிடக்க, அது மட்டும் உச்சி வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் விரித்தது. இன்னும் இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமல் போனால் போதும், சங்கதி தெரிந்துவிடும்.

கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் காடு முழுக்க ஈரம். வரப்பில் கால் புதைந்தது. பெரியகருப்பன் தன் மிளகாய்க்கு வைத்திருந்த தண்ணீரை என் சோளத்துக்குப் பாய்ச்சியிருந்தார். கோபப்பட வாயைத் திறந்தேன். வதங்கிக் கிடந்த அவருடைய மிளகாய்ச் செடிகளைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. தலை குனிந்து, இதனால் ஒரு வருஷம் போயிற்று என்று மட்டும் சொன்னேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. "சாகப் போற பயிரப் பாத்துக்கிட்டு எப்பிடி சார் சும்மா போறது?" என்றார்.

நெல் பிரிவு

அடுத்த ஐப்பசியில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துப் பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, இந்தப் பட்டத்திலும் முடிவு வரவில்லை என்றால் சோளத் திட்டத்தை மூடிவிட்டு என்னை நெல்லுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். பதினேழாம் வரிசையைக் கையில் வைத்திருந்தது நான் ஒருவன்தான். நான் விட்டால் அதன் விதை ஏதாவது டப்பாவில் கிடந்து புழுத்துப் போகும். கேண்டீனில் நெல் பிரிவு நண்பன் பாண்டி என் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னான்: "நெல்லுக்கே வந்துரு மாப்ள. அங்க பேச்சுத் துணைக்கு ஆளாச்சும் இருக்கும்."

கேட்ட வரம்

அந்த வருஷம் மழை பொய்த்தது. விதைக்கிற அளவுக்கு ஒரு மழை, அதோடு சரி. திருவாதவூர்ப் பக்கம் கிணறுகளின் அடி தெரிந்தது. புல் இல்லை, வைக்கோல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சையாக நின்றது என் பதினேழாம் வரிசையும், அதைச் சுற்றிக் காவலுக்கு விதைத்திருந்த அதே சோளமும்தான். கதிர் பிடித்தது, மணி முற்றியது. இத்தனை வருஷம் காத்திருந்தது கண் முன்னால் நின்றது, அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஓர் ஆள் இல்லை. குடிக்கத் தண்ணீர் தேடி அலைகிறவர்களிடம் போய், "பார்த்தீர்களா, என் சோளம் ஜெயித்துவிட்டது" என்று எந்த முகத்தோடு சொல்வது? வரப்பில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பிறகு வெட்கமாகப் போயிற்று.

தை மாதம் அறுவடை முடிந்தது. தலைவர் வந்து பார்த்தார், திட்டம் பிழைத்தது. கதிர் நீக்கிய சோளத் தட்டையெல்லாம் பெரியகருப்பன் மாடுகளுக்கு என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். தொழுவத்தில் மாடுகள் இல்லை. மார்கழியிலேயே சந்தைக்கு ஓட்டிவிட்டாராம், அடிமாட்டு விலைக்கு. மார்கழியில் என் காட்டில் பச்சைத் தட்டை ஆள் உயரம் நின்றது. அதிலும் சுற்றி நிற்கிற காவல் வரிசைகளை நாங்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கதிர் முற்றிய பிறகு அதை அறுத்தாலும் சோதனைக்கு ஒரு கெடுதலும் கிடையாது. அந்த ஜோடி தை வரைக்கும் தின்றிருக்கும். "ஏண்ணே, என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றேன். பெரியகருப்பன் வண்டியிலிருந்து ஒரு தட்டையை உருவி, ஒடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு எரக்கப்பட்டு உங்க வருசத்தக் கெடுத்தேன்ல சார், அதான் இந்தத் தடவ மனசக் கல்லாக்கிக்கிட்டேன்."

ஆக, மழை வேண்டாமென்று வேண்டிக்கொண்ட ஒரே ஆளுக்கு அந்த வருஷம் வேண்டுதல் பலித்தது, கிடா வெட்டு மட்டும் பெரியகருப்பன் வீட்டுச் செலவு.