பசி என்றொரு ஊர்

ஹங்கர்லி என்றால் பழைய ஆங்கிலத்தில் பசி நிலம். காட்டை வெட்டித் திருத்திய பிறகும் ஒழுங்காக விளையாத மண்ணுக்கு ஆதியில் குடியேறியவர்கள் வைத்த பெயர் அது. ஹில்டா பாஸ்க் அங்கேதான் பிறந்தாள். கட்டைவிரல் அளவே விளைந்த உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தாள். அப்பாவோடு சந்தைக்குப் போனால், "ஹங்கர்லிக்காரங்க வந்துட்டாங்க, ரொட்டிய ஒளிச்சு வையுங்கப்பா!" என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். எல்லோரையும்விட அப்பாதான் உரக்கச் சிரிப்பார்.

அவளுடைய எழுபதாவது வயதில், ஊரின் பெயரை ரோஸ்லி, அதாவது ரோஜா நிலம், என்று மாற்றுவதற்குக் கூட்டம் போட்டார்கள். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத ஹில்டா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் போனால் அப்பாவின் சிரிப்பும் கூடவே போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

லண்டனிலிருந்து குடிவந்த பிரெண்டன் எழுந்து, "பசின்னு பேரு வெச்ச ஊர்ல யாருங்க வீடு வாங்குவாங்க?" என்று கேட்டார்.

ஹில்டா மெல்ல எழுந்து நின்றாள்.

"நீங்க வாங்கினீங்களே, தம்பி."

கூடமே அதிர்ந்து சிரித்தது. பிரெண்டனும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "சரிம்மா, நான் தோத்துட்டேன். அந்தப் பேரே இருக்கட்டும்."

வாக்கெடுப்பில் பெயரை மாற்றச் சொல்லி ஒருவரும் கை தூக்கவில்லை. அன்று எல்லோரையும்விட ஹில்டாதான் உரக்கச் சிரித்தாள்.