மத்தியான விரல்கள்

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். ஆண்டு வரிசைப்படி அடுக்க விரிவுரையாளர் ஒரு விசையைத் தட்டியதும், நான் மூன்று வாரம் அடித்த கட்டுரைப் பட்டியலில் பாதி மேலே நின்றது, பாதி கீழே போய் விழுந்தது. ஒரே ஆண்டுக் கட்டுரைகள் இரண்டு இடங்களில் கிடந்தன. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், காக்ஸ் டவுனில் அவர் வீட்டு முன்னறையில் நடந்தது இது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர் அவர். கற்றுக்கொண்ட ஒன்றை மனிதன் எப்படிக் கைவிடுகிறான் என்பதைப் பற்றி உளவியல், கல்வி, மருத்துவம், நிர்வாகம் என ஒவ்வொரு துறையும் சொல்வதை அட்டை அட்டையாகக் குறித்து வைத்திருந்தார். அவற்றைப் பார்த்துக் கணினியில் அடிப்பது என் வேலை. திங்கட்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். அன்று வியாழன். “மறக்கிறதப் பத்தி எழுதுறா, கேஸ் அடுப்ப அணைக்க மறந்துட்டா” என்று அவர் கணவர் ஆபீஸ் கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். மறப்பது வேறு, விடுவது வேறு என்று வீட்டுக்குள்ளிருந்து விரிவுரையாளரின் பதில் வரும்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஓசூரில் லாரி ஷெட், அத்திபெலேயில் ஹோட்டல், பிறகு ஆனேக்கல் கோர்ட் வாசலில் பழைய தட்டச்சுப் பொறியில் மனு அடிப்பது என்று போனது. சாப்பாடு சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஆங்கிலம் அரைகுறை, எழுத்தைப் பார்த்து அடிப்பேன். அந்தப் பொறியில் ஒன்று என்ற எண்ணுக்கு விசையே கிடையாது. ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தைத்தான் தட்ட வேண்டும். கணினியில் தனி விசை இருப்பதை முதல் நாளே அவர் காட்டியிருந்தார். நானும் மாறிவிட்டதாகத்தான் நினைத்தேன். என் விரல் பாதி இடங்களில் எழுத்தைத் தட்டியிருந்தது. கணினி அதை எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை போயிற்று என்று எழுந்து நின்றேன். அது எனக்குப் பழகியதுதான். அவர் திட்டாமல் அட்டைகளைக் கேட்டார். சாப்பாட்டுக்கு முன் அடித்தவற்றை ஒரு கட்டாகவும் பின் அடித்தவற்றை இன்னொரு கட்டாகவும் ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது என் வழக்கம். கீழே விழுந்த வரிகளை அந்தக் கட்டுகளோடு வெகுநேரம் ஒப்பிட்டார்.

“பிரதர், இங்க பாருங்க. காலைல ஒரு தப்புகூட இல்ல. மத்தியானம் ஆனா கோர்ட் வாசலுக்குப் போயிடுறீங்க.”

நிர்வாகத் துறைக்காரர்கள் பழையதைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். உளவியல்காரர்களோ அது எங்கும் போவதில்லை, புதியதற்கு அடியில் படுத்திருக்கிறது, களைத்தால் எழும் என்கிறார்கள் என்று சொன்னார். அந்த மூன்று வாரத்தில் நான் அடித்ததில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நானே கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அட்டைகளையும் படித்துக் காட்டினார்.

கீழே விழுந்த வரிகளில் ஆண்டுகளைத் திருத்துவது எளிதாக இருந்தது. பக்க எண்களை அட்டையோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டியிருந்தது. காலையில் நான் அடித்தேன். மத்தியானம் நான் வாசிக்க, அவர் அடித்தார். என்னைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாமா என்று சனிக்கிழமை கேட்டார். தப்பு செய்ததற்கா என்றேன்.

“தப்புக்கு இல்ல. ரெண்டு கட்டாக் கட்டி வச்சீங்களே, அதுக்கு.”

திங்களன்று ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். எந்தத் துறை சொல்வது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. அதன் பிறகு எத்தனையோ ஊர்களையும் வேலைகளையும் விட்டாயிற்று. விட்டதாக நினைத்தது எந்த வேளையில் எழுந்து வருகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆய்வேட்டில் நான் பெயரில்லாமல், ‘ஒரு தட்டச்சர்’ என்று இருக்கிறேன். அந்தப் பத்தியை அடித்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை, காலையில்.