இடது கை என்னுடையது

இன்றைக்கும் எங்கேயாவது அந்தப் பாட்டு காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபம் என்பது மட்டும் இத்தனை வருடத்தில் மாறிவிட்டது. நோட்டில் ஒரே ஒரு பக்கம் வருகிற பாட்டு அது. ஏதோ ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் ஜோடி ஜோடியாக நின்று ஆடுவதற்காக எழுதியதாம். மினுவெட் என்று பெயர். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே வாசிக்க வேண்டும். செவிலிமேட்டில் ஒரு மிஸ் தன் வீட்டு ஹாலில் பியானோ வகுப்பு நடத்தினார். அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு.

"முதல்ல ஒவ்வொரு கையா பழகிட்டு வாங்க" என்று மிஸ் சொன்னது நியாயம்தான். நாங்கள்தான் அதை எங்கள் வீட்டு வழக்கப்படி எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் யாரும் தனியாக நெய்து நான் பார்த்ததில்லை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அப்பா வலப்பக்கம் இருந்து நெய்வார், அம்மா இடப்பக்கம் இருந்து கரை நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவார். ஆகவே வலது கை அக்காவுக்கு, இடது கை எனக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் கீபோர்டு முன்னால் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து இரண்டு மாதம் வாசித்தோம். நான் தடுமாறினால் அக்கா என் விரலைப் பிடித்துச் சரியான கட்டையில் வைப்பாள்.

ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மிஸ் வாசித்துக் காட்டச் சொன்னார். ஆளுக்கொரு கையாக நாங்கள் ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டார். கூட இருந்த பிள்ளைகளும் கெக்கெக்கே என்று சிரித்தன.

"ரெண்டு கையும் ஒருத்தர்தாம்மா வாசிக்கணும். யாரால முடியும்?"

நான் இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டு முழித்தேன். அக்கா மெதுவாக, இரண்டு கையாலும், கடைசி வரை வாசித்துவிட்டாள். மேடைக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டார் மிஸ்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. என்னைத் திருத்துகிற சாக்கில் என் பங்கையும் கற்றுக்கொண்டிருக்கிறாள், திருட்டுக் கழுதை!

"நான் வேணும்னா கத்துக்கினேன்? உன்கூட உக்காந்து உக்காந்து தானா வந்துட்ச்சிடி" என்று அக்கா கெஞ்சினாள்.

"என்கூட பேசாத, போ!"

இரண்டு வாரம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எடுத்து வைத்த முறுக்கைக்கூடத் தொடவில்லை. சனிக்கிழமை அம்மா என்னை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். தங்கப் பல்லியைத் தொடும்போது எல்லோரும் என்ன வேண்டிக்கொள்வார்களோ தெரியாது. அக்கா மேடையில் தப்பாக வாசிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

விழா அன்று மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா பச்சைப் பாவாடையில் மேடையேறினாள். பெஞ்சின் நடுவில் உட்காராமல் வலது ஓரமாக உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் பெஞ்சை இரண்டு முறை தட்டினாள். தூசி தட்டுகிறாளாக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு இடப்பக்கம் காலியாகவே இருந்தது. பிறகு வலது கையால் மட்டும் வாசிக்கத் தொடங்கினாள்.

இடது கை மடியிலேயே கிடந்தது. "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று ஓரத்திலிருந்து மிஸ் பல்லைக் கடித்தார். அக்கா நிமிரவே இல்லை. பாட்டு முழுவதையும் ஒற்றைக் கையாலேயே முடித்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். வாசித்த பிள்ளைகளுக்கெல்லாம் பதக்கம் போட்டார்கள், அக்காவின் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. "மானத்தை வாங்கிட்டியேம்மா" என்று மிஸ் எல்லோர் முன்னாலும் திட்டினார். அதற்குப் பிறகு அக்கா அந்த வகுப்புப் பக்கமே போகவில்லை.

விழா முடிந்து திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி மேல வர்ல?" என்றாள்.

"என்னை யாரு கூப்ட்டா?" என்று வெடுக்கென்று சொன்னேன்.

வீடு வரும் வரை நான் தங்கப் பல்லிக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். நான் வேண்டிக்கொண்டதால்தான் அக்காவுக்கு இடது கை மறந்துபோனது என்று நம்பினேன்.